திரும்பி வந்த பிரதம மந்திரியும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும்

பதவியை இழந்த ஒரு பிரதம மந்திரி சில கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு, கூட்டு மந்திரி சபை அமைத்து மறுபடியும் அதிகாரத்துக்கு வந்தால், முதலாளிமார்களின் பத்திரிகைகள் ஸ்தானக் கணக்குப் போடுகின்றன. எந்தக் கட்சிக்கு எந்த இலாகா என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் போட வேண்டிய கணக்கு வேறு. அந்த மந்திரி சபையின் வாக்குறுதிக்குள் யார் இருக்கிறார்கள்? யார் வெளியே நிற்கிறார்கள்? இதைக் கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு, இலங்கையில் 1970ல் நடந்த தேர்தலும் அதன்பின் வந்த ஏழு ஆண்டுகளும் சாட்சி.

1960 ஜூலையில் ஸ்ரீமதி சிரிமாவோ பண்டாரநாயக்கா இலங்கையின் பிரதம மந்திரியானார். உலகத்திலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1964ல் லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்த்துக்கொண்டு கூட்டு மந்திரி சபை அமைத்தார். அதே ஆண்டு டிசம்பரில், அவர் கட்சியிலிருந்தே சிலர் எதிர்ப்பக்கம் தாவினார்கள். ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் மந்திரி சபை பாராளுமன்றத்தில் தோற்றது. 1965 மார்ச் தேர்தலுக்குப் பின் டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1966 டிசம்பரில் அந்த ஆட்சி ரேஷன் அரிசியில் கை வைத்தது. ஆளுக்கு வாரம் இரண்டு கொத்து என்றிருந்தது ஒரு கொத்தாகக் குறைந்தது. அந்த ஒரு கொத்து இலவசம் என்று சர்க்கார் பெருமை பேசியது. கொத்து என்பது அங்கே சுமார் இரண்டு ராத்தல் பிடிக்கும் அளவு. பாதியாகக் குறைந்த பானைக்கு 'இலவசம்' என்ற பெயர் சமாதானமாகுமா?

1970 மே 27 அன்று ஜனங்கள் பதில் சொன்னார்கள். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றும் ஐக்கிய முன்னணியாக நின்றன. தேர்தல் நடந்த 151 ஸ்தானங்களில் சுதந்திரக் கட்சிக்கு 91, சமசமாஜக் கட்சிக்கு 19, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 6, ஆக 116 ஸ்தானங்கள் கிடைத்தன. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 17 மட்டுமே. சிரிமாவோ அம்மையார் மறுபடியும் பிரதம மந்திரியானார். என். எம். பெரேரா நிதி மந்திரி. கால்வின் ஆர். டி சில்வா தோட்டத் தொழில் மந்திரி. பீட்டர் கெனமன் வீடமைப்பு மந்திரி. வாழ்நாள் முழுவதும் தொழிற்சங்க மேடையில் நின்றவர்கள் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உழைப்பாளி மக்கள் மகிழ்ந்ததில் ஆச்சரியம் என்ன?

அந்த மந்திரி சபை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். பறிபோன இரண்டாவது கொத்து அரிசி திரும்ப வந்தது. 1972ல் பிரிட்டிஷ் மகுடத்தின் தொடர்பு அறுந்து, இலங்கை குடியரசாயிற்று. அதே ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் வந்தது: நெல் வயல் 25 ஏக்கர், மற்ற நிலம் 50 ஏக்கர். அந்தச் சட்டத்திலிருந்து தப்பித்த கம்பெனித் தோட்டங்களும் 1975ல் தேசவுடைமையாயின. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக லாபத்தை லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வெள்ளைக் கம்பெனிகள் வெளியேறின. இவை பெரிய காரியங்கள்தாம்.

ஆனால் அந்த 116 என்ற கணக்கைப் போட்ட வோட்டுப் பெட்டியை ஒருதரம் திறந்து பார்ப்போம். இலங்கைக்கு அன்னியச் செலாவணியைச் சம்பாதித்துக் கொடுத்தது தேயிலை. அந்தத் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளியவர்கள், நம்முடைய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கூட்டிச் சென்ற ஏழைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 1947 தேர்தலில் அவர்கள் வோட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948லும் 1949லும் வந்த சட்டங்கள் அவர்களுடைய பிரஜா உரிமையையும் வோட்டையும் பிடுங்கிக்கொண்டன. அன்று அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் இந்த இடதுசாரித் தலைவர்களே. 1964ல் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிற்பாடு என்று இரண்டு சர்க்கார்களும் பங்கு பிரித்தன. 1974ல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. உனக்கு எங்கே வாழ இஷ்டம் என்று கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேட்டுவிட்டா அந்தத் தொகைகளை முடிவு செய்தார்கள்?

ஆகவே 1970ல் லயங்களில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வோட்டில்லை. வோட்டில்லாதவனுக்கு வாக்குறுதியில் என்ன பங்கு? 1973ல் எண்ணெய் விலையும் தானிய விலையும் உலகெங்கும் ஏறின. கஜானா வற்றியது. ரேஷன் மறுபடியும் வெட்டப்பட்டது. கிராமத்துச் சம்சாரிக்குக் கொஞ்சம் வயலோ, கொல்லையில் ஒரு பலாமரமோ இருந்தது. லயத்துத் தொழிலாளிக்குக் கூலியும் ரேஷனும் தவிர வேறு கதியில்லை. 1973லும் 1974லும் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. அரிசி வாக்குறுதியில் ஜெயித்த மந்திரி சபை, தொழிலாளர் கட்சிகள் பங்கு வகித்த மந்திரி சபை, ஆட்சியில் இருக்கும்போதே இது நடந்தது!

தோட்டம் தேசவுடைமையானபோதும் துரை போனாரே தவிர லயம் மாறவில்லை. சில இடங்களில் தொழிலாளர்கள் தோட்டத்தை விட்டே விரட்டப்பட்டார்கள். தோட்ட நிலங்களைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து 1977 மே மாதத்தில் மலைநாட்டுத் தொழிலாளர்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் போலீஸ் சுட்டது. ஒரு தொழிலாளி மாண்டார். நிலமில்லாத சிங்கள ஏழை அந்தத் தொழிலாளியின் எதிரியல்ல. ஏழைக்கு ஏழையை எதிரியாக நிறுத்தியதுதான் அந்த நிலச் சீர்திருத்தத்தின் பெரிய குற்றம்.

தோட்டத் தொழிலாளியை வெளியே விட்டவர்கள் உள்ளே பத்திரமாக இருந்தார்களா? 1971 மார்ச்சில் பிரகடனமான அவசர நிலை 1977 பிப்ரவரி வரை நீடித்தது. 1971 ஏப்ரலில் கலகம் செய்த சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அதே அவசரச் சட்டம் வேலைநிறுத்த உரிமைக்கும் விலங்கு பூட்டியது. 1975 செப்டம்பரில் சமசமாஜக் கட்சி மந்திரிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1977 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சியும் விலகியது. அந்த ஜூலையில் நடந்த தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168ல் 140. சிரிமாவோ அம்மையாரின் கட்சிக்கு 8. இரண்டு இடதுசாரிக் கட்சிகளுக்கும் ஒரு ஸ்தானம்கூட இல்லை. 1980 ஜூலையில் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 40,000 பேர் வேலையிழந்தார்கள். அவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் பேச வலுவான ஆளில்லை. மலைநாட்டில் நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜா உரிமை தரும் சட்டமோ 2003ல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

கூட்டு மந்திரி சபையே கூடாது என்பதல்ல இதன் படிப்பினை. பிற்போக்குக்காரர்களைத் தோற்கடிக்க ஐக்கியம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொழிலாளி வர்க்கத்தின் ஒரு பகுதியை வாசலில் நிறுத்திவிட்டு இன்னொரு பகுதி உள்ளே போனால், உள்ளே போனவர்களுக்கும் நெடுநாள் இடமில்லை. மந்திரி பதவியின் பலம் இலாகாவில் இல்லை. வெளியே வயலிலும் ஆலையிலும் தோட்டத்திலும் கட்டுக்கோப்பாக நிற்கும் சங்கத்தில் இருக்கிறது.

தோழர்களே, இது கடலுக்கு அப்பால் நடந்த கதை மட்டுமல்ல. ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர்கள் இன்றும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் நம் அண்டை வீட்டுக்காரர்கள். அதுமட்டுமா? இன்று கோயம்புத்தூர், திருப்பூர் ஆலைகளில் உங்கள் பக்கத்து மிஷினில் நிற்பவர் ஒரிஸாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். தஞ்சை வயலில் நாற்று நடுபவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய வோட்டு இங்கே இல்லை. ஆகையால் இங்கே வோட்டுக் கேட்டு வருகிறவர்களின் வாக்குறுதியிலும் அவர்கள் இல்லை. அவர்களைக் காட்டித்தான் முதலாளி உங்கள் கூலியைக் குறைக்கிறார். உங்களைக் காட்டித்தான் அவர்களை மிரட்டுகிறார்.

எந்தப் பிரதம மந்திரி திரும்பி வந்தாலும், எத்தனை கட்சிகள் சேர்ந்து மந்திரி சபை அமைத்தாலும், நம் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தத் தொழிலாளியின் பெயரைச் சங்கப் புத்தகத்தில் எழுதுங்கள். அவருக்கும் உங்களுக்கும் ஒரே கூலி என்று கேளுங்கள். அரிசிக்கும் நிலத்துக்கும் குரல் எழுப்பும்போது அவரையும் சேர்த்து எண்ணுங்கள். இலங்கையில் எண்ணாமல் விட்டதற்கு விலை கொடுத்தது தோட்டத் தொழிலாளி மட்டுமல்ல, அந்த நாட்டின் தொழிலாளி வர்க்கம் முழுவதும்.