இரண்டு கம்ப்யூட்டர், மூன்றரை அடி மேஜை

என் மேஜையின் நீளம் மூன்றரை அடி. ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே அதற்கு மேல் இடமில்லை. மேஜை மேல் பெங்களூரு கம்பெனி கொடுத்த லேப்டாப். அடியில் என் சொந்த சிபியூ. முன்னது சோறு போடுகிறது, பின்னதில் இந்தப் பத்தியை எழுதுகிறேன். 2020 மார்ச் வரை இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. லேப்டாப் எலக்ட்ரானிக் சிட்டியில் கிடக்கும், நான்தான் ஓசூரிலிருந்து பஸ் ஏறிப் போய்வருவேன். ஊரடங்கு வந்தது, எல்லை தாண்ட இ-பாஸ் கேட்டார்கள், ஆபீஸ் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்துதான் வேலை.

லேப்டாப்பைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. பெரிய மானிட்டர் ஒன்று வாங்கி இரண்டையும் அதிலேயே கட்டிவிடலாம் என்று தோன்றியது. அதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. கீபோர்டு, வீடியோ, மவுஸ் என்ற மூன்றின் முதலெழுத்தைச் சேர்த்து கேவிஎம் ஸ்விட்ச் என்பார்கள். சர்வர் அறைகளில் பழக்கமான சாமான். பதினாறு கம்ப்யூட்டரை அடுக்கி வைத்திருக்கும் அலமாரியில் பதினாறு மானிட்டருக்கு எங்கே போவது?

கம்ப்யூட்டர் சாமான் என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை ரிச்சி தெருதான். ஓசூரிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டர். பெங்களூரு எஸ்.பி. ரோடு நாற்பதுக்குள். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் மெமரி கார்டு முதல் மதர்போர்டு வரை கன்னடத்தில்தான் பேரம் பேசுகிறோம். ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் மானிட்டர் வாங்கிவந்தால் பில்லைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வேன், எல்லையில் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட. இப்போது அந்த வேலை இல்லை. கடைக்காரர் சில நூறு ரூபாயில் ஒரு பெட்டியை நீட்டி, “எல்லாத்துக்கும் ஓடும் சார்” என்றார். வாங்கி வந்துவிட்டேன்.

ஓடத்தான் செய்தது. ஆனால் பொத்தானை அமுக்கும் ஒவ்வொரு முறையும் திரை நாலைந்து விநாடி இருண்டு போகும். திரும்பி வந்தால், பெரிய திரையில் அழகாகப் பரப்பி வைத்திருந்த ஜன்னல்கள் எல்லாம் லேப்டாப்பின் சின்னத் திரைக்கு ஓடிப்போய் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். தினம் இருபது தடவை அவற்றை இழுத்துப் போட்டு வைப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

காரணம் எளிது. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் அதன் ஜாதகம் இருக்கிறது. இடிஐடி என்று பெயர், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். நான் இன்னார் செய்த மானிட்டர், இத்தனை புள்ளி காட்டுவேன் என்ற விவரமெல்லாம் அதில். கம்ப்யூட்டர் அதைப் படித்துத்தான் படம் அனுப்புகிறது. மலிவான பெட்டி பக்கம் மாற்றும்போது இந்தத் தொடர்பையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. லேப்டாப்பைப் பொறுத்தவரை யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். இருக்கும் திரைக்குள் எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்கிறது. நல்ல பெட்டி அந்த ஜாதகத்தைத் தானே மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு, நாம் பார்க்காத கம்ப்யூட்டரிடமும் ‘மானிட்டர் இங்கேதான் இருக்கிறது’ என்று சாதித்துக்கொண்டே இருக்கும். கீபோர்டு, மவுஸ் விஷயத்திலும் இதே பொய்தான். எமுலேஷன் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தப் பொய்க்குத்தான்.

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரைப் பார்த்தால் இது புரியும். போனில் கன்னடத்தில் சரக்குக்குச் சொல்லிக்கொண்டே, பையனிடம் தெலுங்கில் பருப்பு எடுக்கச் சொல்லி, நம்மிடம் தமிழில் “உங்களுக்கு என்ன சார்?” என்பார். மூன்று பேரில் ஒருவருக்கும் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று தோன்றாது.

இந்தப் பொய் எவ்வளவு முக்கியம் என்று நான் தெரிந்துகொண்டது என் மேஜையில் அல்ல, சிப்காட்டில் ஜாப் ஒர்க் எடுக்கும் நண்பரின் பட்டறையில். லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓசூருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவர்களுக்குப் பாகம் செய்பவர்கள், அந்தப் பாகத்துக்குப் பாகம் செய்பவர்கள் என்று இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் இவரைப் போன்றவர்கள் வருவார்கள். இவரிடம் ஒரு பழைய சிஎன்சி லேத். அதன் கன்ட்ரோலருக்கு நினைவகம் போதாது. பக்கத்தில் இருக்கும் எக்ஸ்பி கம்ப்யூட்டர்தான் சீரியல் கேபிள் வழியாகப் புரோகிராமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிவிட வேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் முழுக்குப் போட்டுவிட்டது. அதை இன்டர்நெட்டில் இணைக்க அவருக்குப் பயம், சரியான பயம். மெயிலுக்கும் டிராயிங்குக்கும் புதுக் கம்ப்யூட்டர் தனி. இரண்டுக்கும் ஒரே சதுர மானிட்டர், எண்ணெய்க் கறை ஏறிய ஒரே கீபோர்டு, நடுவில் ஒரு விஜிஏ ஸ்விட்ச்.

ஒருநாள் காலை ஷிப்ட்டுக்கு வந்த பையன், “அண்ணா, லேத்து புரோகிராம் எடுக்கல” என்றான். ராத்திரி கரண்ட் போய்விட்டு வந்திருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. ஸ்விட்ச் புதுக் கம்ப்யூட்டர் பக்கம் இருந்ததால், பழையது கீபோர்டைத் தேடிப் பார்த்துவிட்டு, ‘கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும்’ என்று கறுப்புத் திரையில் எழுதி வைத்துவிட்டு விடியவிடியக் காத்திருந்திருக்கிறது. இல்லாத கீபோர்டில் எஃப்1-ஐ எப்படி அழுத்துவது என்று அதற்கும் கவலையில்லை. அன்றைக்கே எமுலேஷன் உள்ள ஸ்விட்ச் வாங்கச் சொன்னேன்.

வாங்கினார். ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தட்டு தட்டினால் பக்கம் மாறும். வருஷக்கணக்காகக் கீபோர்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்தப் பொத்தானுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. (நீங்கள் வாங்கும்போது உங்கள் கீபோர்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள், சின்ன கீபோர்டுகளில் எடுத்துவிட்டார்கள்.) ஆனால் அடுத்த முறை கரண்ட் போனபோது யுபிஎஸ் கூவியது, இரண்டு கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஓடின, கீபோர்டு செத்துக் கிடந்தது. ஸ்விட்ச்சின் கட்டைவிரல் அளவு அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருந்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன். இரண்டாவது பெட்டி வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட்டேன். 4கே திரைக்கு எச்டிஎம்ஐ 1.4 பெட்டி வாங்கினால் விநாடிக்கு 30 படம்தான் வரும், மவுஸ் சேற்றில் நடப்பதுபோல் இழுக்கும். 60 வேண்டுமென்றால் 2.0. என் மானிட்டர் சாதாரண 1080, ஆக அந்தச் செலவு எனக்கு வீண். பெட்டியே வேண்டாம், மவுஸை ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவிடும் மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். கம்பெனி லேப்டாப்பில் கால்குலேட்டர் ஏற்றக்கூட அனுமதி கேட்க வேண்டும். பெட்டியில் பென் டிரைவுக்கு என்று ஒரு துளை இருந்தால் அதையும் தொடாமல் விடுவது நல்லது. இரண்டு பக்கத்துக்கும் பாலம் போடுகிறாயா என்று ஐடி ஆட்கள் கேட்பார்கள்.

கடைசியில் கண்ணில் பட்டது மானிட்டரின் முதுகு. அங்கேயே இரண்டு எச்டிஎம்ஐ துளைகள்! ஆளுக்கொன்றில் நேராகச் செருகிவிட்டேன். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் ஒரு யுஎஸ்பி ஸ்விட்ச். ஜன்னல்கள் ஓடிப்போவதில்லை, செலவும் குறைவு. ஒரே குறை, இரண்டு பொத்தான்: ஒன்று திரைக்கு, இன்னொன்று கீபோர்டுக்கு.

போன வாரம் திரையை மட்டும் என் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, கீபோர்டை மாற்ற மறந்துவிட்டேன். பத்திரிகை ஆசிரியருக்கு மெயில் எழுதுவதாக நினைத்து, விரல்களைப் பார்த்தபடியே ‘வணக்கம்’ என்று அடித்து என்டரைத் தட்டினேன். நான் அடிப்பது தமிழ்99, தமிழக அரசு 1999-ல் அங்கீகரித்த விசைப்பலகை. லேப்டாப்பில் ஆங்கிலம் மட்டும்தான். அதில் திறந்திருந்தது மேனேஜருடனான சாட். அவருக்குப் போய்ச் சேர்ந்தது வி, பி, இரண்டு எச், கே, எஃப். உடனே பதில் வந்தது: “பாஸ்வேர்டைத் தவறுதலாக இங்கே அடித்துவிட்டீர்கள் போல, உடனே மாற்றிவிடுங்கள்.” அது வணக்கம் என்று விளக்கப் போனால், வேலை நேரத்தில் யாருக்கு வணக்கம் என்று கேட்பார். பேசாமல் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.