குற்றவியல் கல்வி யாருக்கு?

மகன் பொறியியல் படிக்கிறான் என்றால் பெருமை கொள்கிறோம். மகள் மருத்துவம் பயில்கிறாள் என்றால் ஊருக்கெல்லாம் இனிப்பு வழங்குகிறோம். வணிகவியலா? அதுவும் நன்றே; கடையைப் பார்த்துக்கொள்ளலாம், இல்லையேல் வளைகுடாவில் கணக்கராகலாம். ஆனால் பிள்ளை வந்து, குற்றவியலும் குற்ற நீதி நிர்வாகமும் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டால் முகங்கள் சுருங்கிவிடுகின்றன. "நமக்கேன் போலீஸ், கோர்ட்டு வம்பு?" என்கிறார் வாப்பா. "கள்ளனையும் கொலைகாரனையும் பற்றிப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்கிறார் உம்மா. "பெண் பிள்ளை படிக்கும் படிப்பா இது?" என்று கேட்கப் பெரிய வாப்பாவும் வந்துவிடுகிறார்.

இம்மூன்று கேள்விகளும் பிழையானவை என்பது நம் துணிபு. பிழையானவை என்பதோடு நில்லாமல், அவை நம் இல்லங்களுக்கே தீங்கு விளைப்பவை என்றும் கூறுவோம்.

போலீசும் கோர்ட்டும் நாம் விரும்பி அழைத்து வரும் விருந்தினர் அல்லர். ஒரு சாலை விபத்து, ஒரு வரப்புத் தகராறு, வங்கியிலிருந்து திரும்பி வந்த ஒரு காசோலை, விளையாட்டாகப் பையன் கைப்பேசியில் பகிர்ந்த ஒரு செய்தி, இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். காவல் நிலையத்தின் வாசலில் நாம் நிற்க நேர்ந்துவிடுகிறது. அங்கே எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்தத் தாளில் கையெழுத்திடலாம், எதில் கூடாது என்று அறிந்தவர் ஒருவரும் நம்முடன் இல்லை. உள்ளூர்ப் பிரமுகரைத் தேடி ஓடுகிறோம். அவர் காலில் விழாத குறையாகச் சலுகை கேட்கிறோம். தன் உரிமை இன்னதென்று அறியாதவன் சலுகையன்றி வேறெதைக் கேட்பான்?

சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்கெனத் தனித் துறைகள் உள்ளன. சட்டக் கல்லூரிகளில் குற்றவியல் சட்டம் பயிலாது எவரும் பட்டம் பெற இயலாது. இத்தகைய வகுப்புகளில் பயிலும் மாணவ மாணவியர் சிலருடன் அண்மையில் உரையாடினோம். அவர்களுள் நம் சமுதாயத்தவரும் இருந்தனர், பிறரும் இருந்தனர். அவர்கள் கூறியவை பெற்றோர் செவிகளுக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறோம்.

ஒருவர் துப்பறியும் தொடர்களைப் பார்த்து ஆசை கொண்டு சேர்ந்தவர். கைரேகையும் இரத்தக் கறையும் கற்பிப்பார்கள் என எதிர்பார்த்துச் சென்றவருக்கு, முதற்பருவத்தில் கிடைத்தவை கைது, பிணை, காவல் நீட்டிப்பு ஆகிய சொற்களின் விளக்கங்கள். தொடக்கத்தில் சலிப்புற்றாராம். "குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வித்தையைக் கற்க வந்தேன். அதிகாரம் கையில் உள்ளவர் எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

மாணவி ஒருவர் கூறியது வேறு. குற்றம் சாட்டப்பட்டவர் என்றாலும் குற்றவாளி என்றாலும் ஒன்றுதான் என்று கல்லூரிக்கு வரும் வரையில் நினைத்திருந்தாராம். "இப்போது வீட்டில் செய்தித்தாள் வாசிக்கும் வாப்பாவைத் திருத்துகிறேன்; அவருக்குக் கோபம் வருகிறது" என்றார் சிரித்துக்கொண்டே. அந்த வாப்பாவை நாம் அறியோம். ஆயினும் அவருக்குச் சொல்வோம்: கோபப்படாதீர்கள். அந்த இரு சொற்களுக்கும் இடையேதான் ஒரு மனிதனின் மானமும் உயிரும் இருக்கின்றன.

மூன்றாமவர் நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். ஒருவரைச் சிறைக் காவலுக்கு அனுப்பும் உத்தரவு பிறக்கத் தேநீர் அருந்தும் நேரம்கூட ஆகவில்லை என்றார். நடுவர் நிமிர்ந்து அம்மனிதரின் முகத்தைப் பார்ப்பாரா என்று காத்திருந்ததாகவும் சொன்னார்.

நடுவர் முகம் நிமிர்ந்து பார்ப்பது அத்துணைப் பெரிய காரியமா என்று கேட்பவர்கள் சாத்தான்குளத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கூறி, கைப்பேசிக் கடை நடத்திய ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மறுநாள் நடுவர் அவர்களைக் காவலில் வைக்க உத்தரவிட, கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாட்காலை தந்தை இறந்தார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு விதித்திருப்பது எதற்காக? காயம் உண்டா, வலி உண்டா, அடித்தார்களா என்று ஒருவர் கேட்பதற்காக அன்றோ! அந்தக் கேள்வி முறையாகக் கேட்கப்பட்டிருந்தால் இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும். மாண்டவர்கள் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆகவே இதனை ஒரு சமுதாயத்தின் தனித் துயர் என்று எவரும் ஒதுக்கிவிட இயலாது.

"கள்ளனைப் பற்றிப் படித்து என்ன பயன்?" என்ற உம்மாவின் கேள்விக்கு வருவோம். இக்கேள்விக்குள் ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கள்ளன் என்பவன் தனிப் பிறவி, நம்மைப் போன்றவன் அல்லன் என்ற நம்பிக்கை அது. இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ 1876இல் வெளியிட்ட நூலில் இதனையே அறிவியல் என்று கூறினார். குற்றவாளியை மண்டையோட்டையும் முக அமைப்பையும் கொண்டே அறிந்துவிடலாம் என்றார். அக்கொள்கை பின்னர் ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. ஆனால் அவர் நூல் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1871இல், ஆங்கில ஆட்சி நம் நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்துவிட்டது. பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதியது அச்சட்டம். அதன்படி கைரேகை வைக்க மறுத்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். அந்த நூலையும் அந்தச் சட்டத்தையும் அந்த ஊரையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்ற மாணவன், ஓர் இனத்தின் பெயரைக் கேட்டவுடனேயே "இவர்கள் இப்படித்தான்" என்று சொல்ல நாணுவான். இந்நாட்டில் வாழும் முஸ்லிம் பெற்றோருக்கு இப்பாடத்தின் அருமையை நாம் விளக்கவும் வேண்டுமோ?

இனி, நம் சமுதாயத்தாரிடமே சில கசப்பான வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளை ஒருவன் கைது செய்யப்பட்டான் என்றால் நம்மில் இரு சாரார் எழுகின்றனர். ஒரு சாரார், விவரம் எதுவும் அறியுமுன்னரே, நம்மவன் ஆகையால் குற்றமற்றவன் என்கின்றனர். மறு சாரார், அக்குடும்பத்தின் வீட்டுக்குச் செல்வதையே நிறுத்திவிடுகின்றனர். பெண் கொடுத்தவர்கள்கூடப் பேச அஞ்சுகின்றனர். முதலாமவர் இனத்தைப் பார்த்துத் தீர்ப்பளிக்கின்றனர். இரண்டாமவர் அச்சத்தால் தீர்ப்பளிக்கின்றனர். சான்று என்ன என்று இருவருமே கேட்பதில்லை.

கோவையில் 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகளுக்கு 58 உயிர்கள் பலியாயின. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மனைவியருக்கும் நீதி கிடைத்தாக வேண்டும். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. அவ்வழக்கில் பலர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயினர். அதே வழக்கில் 1998 மார்ச் இறுதியில் கைதான கேரளத்தின் அப்துல் நாசர் மதனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த பின், 2007 ஆகஸ்டு 1 அன்று விடுவிக்கப்பட்டார். அவ்வழக்கில் குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரின் அந்த ஒன்பது ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? இறந்தோருக்காக அழும் கண்ணும், மெய்ப்பிக்கப்படாமல் அடைபட்டிருந்தவருக்காகக் கலங்கும் கண்ணும் ஒரே முகத்தில் இருக்க வேண்டும். அவ்வாறு இருக்கப் பழக்குவதே குற்ற நீதிக் கல்வியின் வேலை. அதனைப் பயிலாத சமுதாயம் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும்.

இது ஏதோ ஒரு வழக்கின் கதை என்று எண்ண வேண்டா. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது 100 பேரில் 75 பேருக்கு இன்னும் தீர்ப்பே ஆகவில்லை! 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார்ச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றிக் கிடந்தோரைக் கண்டு உச்ச நீதிமன்றம் அதிர்ந்தது. விரைவான விசாரணையும் வாழ்வுரிமையின் பகுதியே என்றது. அத்தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் கணக்கு இதுதான்.

இவர்களுள் பலர் வெளியே வரச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. இந்தியக் குற்ற நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றம் சாட்டப்பட்டவர், அக்குற்றத்துக்கான உச்ச தண்டனைக் காலத்தில் பாதியைச் சிறையில் கழித்துவிட்டால் பிணைக்கு உரியவர் என்கிறது. முன்பு தண்டனை எதுவும் பெறாதவராயின் மூன்றில் ஒரு பங்கே போதும் என்கிறது. பல வழக்குகள் நிலுவையில் இருந்தால் இச்சலுகை இல்லை. காவலில் உள்ள எவரும், ஏழையாயினும் அல்லராயினும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உதவிக்கு உரியவர். இவையெல்லாம் எத்தனை வாப்பாமாருக்குத் தெரியும்? வீட்டை அடகு வைத்துத் தரகரிடம் பணம் கொடுப்பது மட்டும் அனைவருக்கும் தெரிந்திருக்கிறது!

"பெண் பிள்ளை படிக்கும் படிப்பா?" என்பாருக்கும் விடை உண்டு. ஒரு வழக்கில் சாட்சியாக விசாரிக்க வேண்டிய பெண்ணை, அவர் வசிக்கும் இடத்தை விட்டு வேறிடத்துக்கு வருமாறு காவலர் கட்டாயப்படுத்தலாகாது. சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்தலாகாது. தவிர்க்க இயலாத வேளையில் பெண் அதிகாரி நடுவரிடம் முன் அனுமதி பெற வேண்டும். நம் மகளுக்கு இது தெரிந்திருந்தால் நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது அவள் அஞ்சமாட்டாள். வீட்டிலுள்ள ஆண்கள் அனைவரும் நடுங்கும் வேளையில் அவள் ஒருத்தி அமைதியாகக் கேள்வி கேட்பாள். இப்படிப்பு பெண்ணுக்கு ஆகாதென்றால் வேறெது ஆகும்?

"இதெல்லாம் குற்றம் செய்பவன் தப்பிக்க உதவும் படிப்பன்றோ?" என்று சிலர் கேட்பதுண்டு. முறையான கைது, முறையான சான்று, முறையான விசாரணை ஆகியவற்றால் தப்பிப்பவன் நிரபராதி. முறைகேட்டினால் தப்பிப்பவனே குற்றவாளி. அடித்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் நில்லாது. உண்மைக் குற்றவாளி அதன் பின்னே ஒளிந்துகொள்வான். பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டும் என்போர்தான் முறைகளை முதலில் கோர வேண்டும்.

கல்லூரிகளையும் நாம் விட்டுவிடப் போவதில்லை. லொம்பிரோசோவின் குற்றவாளி வகைகளைப் பட்டியலிடுக என்று தேர்வில் கேட்கிறார்கள். கைதானவரின் உறவினர் முதல் நாளில் செய்ய வேண்டியவை யாவை என்று கேட்கக் காணோம். 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளை, அதாவது கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் சோதிக்க வேண்டும் என்பனவற்றை, உரைநூலில் இருந்து ஒப்பிக்கும் மாணவர், ஒரு கைதுக் குறிப்பைக் கண்ணால் கண்டதில்லை. சிறையின் உட்புறம் காணாமலே சிறைச் சீர்திருத்தத்தில் முதல் வகுப்பில் தேறுகிறார். இது கல்வியன்று, மனப்பாடம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் அழைத்துச் செல்லாத கல்லூரி இப்பாடத்தை நடத்தத் தகுதியற்றது என்று சொல்லத் தயங்கமாட்டோம்.

பெற்றோர்களே! எல்லாப் பிள்ளைகளும் இதனைப் படிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒரு மஹல்லாவுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பயின்றால் போதும். அவர்களுக்கு ஜமாஅத் கல்வி உதவி வழங்கட்டும். பயின்று வந்தவர் மாதத்தில் ஒரு நாள் ஊராரை அமர்த்தி, கைது என்றால் என்ன, பிணை என்றால் என்ன, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் எங்கே இருக்கிறது என்று எளிய தமிழில் எடுத்துரைக்கட்டும். கூட்டத்துக்கு அக்கம்பக்கத்துப் பிற சமயத்தாரையும் அழையுங்கள். காவல் நிலையத்தின் வாசல் அனைவருக்கும் ஒன்றே.

மருத்துவரும் பொறியாளரும் நமக்கு வேண்டும். காவலர்முன் நின்று, குரல் உயர்த்தாமல், "ஐயா, எந்தப் பிரிவின்கீழ்க் கைது செய்கிறீர்கள்? கைதுக் குறிப்பின் படி எங்கே?" என்று கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளையும் நமக்கு வேண்டும். அப்பிள்ளையை நம் வீட்டிலிருந்தே அனுப்புவோம்.