ஒன்பதில் ஏழு போக...

போன வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. எழுதியவர் கோயமுத்தூர்க்காரர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியிட்டால் தகப்பனாருக்குத் தெரிந்துவிடுமாம்! விஷயம் இதுதான்:

தகப்பனாருக்கு வயது எழுபத்தொன்று. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாக ஊட்டியில் கோல்ப் ஆடுகிறவர். 2019-ல் அயர்லாந்தின் வடகரையில், போர்ட்ரஷ் என்ற ஊரில் 'ஓபன்' பந்தயம் நடந்தபோது, நான்கு நாளும் டெலிவிஷனை விட்டு நகரவில்லையாம். "ஒரு தடவை அந்த மண்ணிலே ஆடிப் பார்க்கணும்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. முழங்காலில் வலி வந்துவிட்டது. வைத்தியரோ, "போவதானால் அடுத்த வருஷமே போய் வரட்டும், தள்ளிப் போடாதீர்கள்" என்கிறார். மகன் பணம் சேர்த்துவிட்டார். அங்கே தங்க ஏழு நாள் ஒதுக்கிவிட்டார். ஒன்பது மைதானங்களுக்கு ஒரு பட்டியலும் போட்டுவிட்டார். "இந்த ஒன்பதையும் ஏழு நாளில் எப்படி ஆடி முடிப்பது?" என்பதுதான் கேள்வி.

நண்பரே, முடிக்க வேண்டாம். ஒரு சிவப்பு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பதில் ஏழை அடித்துவிடுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டியலில் குறை ஒன்றும் இல்லை. வடக்கே போர்ட்ரஷ், போர்ட்ஸ்டூவர்ட், காசில்ராக், கிழக்கே நியூகாசில், மேற்கே ராஸஸ் பாயிண்ட், லஹிஞ்ச், பாலிபூனியன், ட்ரலீ, தென்மேற்குக் கோடியில் வாட்டர்வில். ஒவ்வொன்றும் மணி மணியான மைதானம். லஹிஞ்சில் வெள்ளாடுகள் மைதானத்திலேயே மேயும். ஆடுகள் மன்றக் கட்டடத்தை ஒட்டி வந்து ஒதுங்கினால் மழை வரப்போகிறது என்று அர்த்தம். பாலிபூனியனில் முதல் அடி வலப்பக்கம் கோணினால் பந்து நேரே மயானத்துக்குப் போய்விடும். சார்லி சாப்ளின் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்த ஊர் வாட்டர்வில். அங்கே அவருக்குச் சிலையே இருக்கிறது. எதை விடுவது, எதைத் தொடுவது என்று யாருக்குமே தோன்றும்.

ஆனால் தேசப்படத்தைக் கொஞ்சம் பாருங்கள். அயர்லாந்துத் தீவு முழுவதும் நம் தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். 'இவ்வளவுதானே' என்று அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். வாட்டர்வில்லிலிருந்து போர்ட்ரஷ்ஷுக்குச் சாலை வழியே ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. மேற்குக் கரைச் சாலைகளோ குறுகல், வளைவுக்கு வளைவு, எதிரே ஒரு டிராக்டர் வந்தால் அதற்கு மரியாதை செய்து ஒதுங்கவேண்டும். ஒரு நாள் ஆட்டம், மறுநாள் முழுக்க ஓட்டம் என்று ஆகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை.

2014-ல் என் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கொடைக்கானலில் எனக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆறு நாளில் ஆறு மைதானம் என்று திட்டம் போட்டேன். நிமிஷக் கணக்காகக் கட்டம் கட்டி எழுதிய அந்தக் காகிதத்தைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன். பெரியப்பா ஆட விரும்பியது போர்ட்ரஷ் ஒன்றுதான். அதைக் 'கடைசியில் மகுடம் போல' இருக்கட்டும் என்று ஆறாவது நாளுக்கு வைத்தேன்.

ஐந்தாவது நாள் இரவு நாங்கள் வடகரைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. காலையில் முதல் குழி வரைக்கும் மழைச் சட்டையோடு வந்தார். கடலிலிருந்து காற்று அறைந்தது. இரண்டு நிமிஷம் நின்றார். "நீ போய் ஆடுடா, நான் காரிலிருந்து பார்க்கிறேன்" என்றார். பணம் கட்டியாகிவிட்டதே என்று நான் போய் ஆடினேன். ஆமாம் வாசகர்களே, நான் ஆடினேன்! நாலரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, கார்க் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பதினாலாவது குழி எப்படிடா இருந்தது?" எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அடுத்த தடவை நீங்களே பாருங்கள் பெரியப்பா" என்றேன். அடுத்த தடவை வரவில்லை.

ஆகவேதான் சொல்கிறேன், ஏழை அடியுங்கள். போர்ட்ரஷ்ஷையும் போர்ட்ஸ்டூவர்ட்டையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில், ஒரே விடுதியில், ஒரே கட்டிலில் ஏழு இரவும் தூங்கட்டும் உங்கள் தகப்பனார்.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. வடகரை பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து. மேற்குக் கரை அயர்லாந்துக் குடியரசு. இரண்டுக்கும் நடுவே சாலையில் சோதனைச் சாவடி எதுவும் கண்ணில் படாது. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இரண்டும் இரண்டு நாடுதான். நாணயமும் வேறு: இங்கே பவுன், அங்கே யூரோ. இங்கே மைல், அங்கே கிலோமீட்டர். லண்டன் வழியாக பெல்பாஸ்ட்டில் இறங்கி வடக்கேயே இருந்துவிட்டால், பிரிட்டிஷ் விசா ஒன்றோடு காரியம் முடிந்தது. பெல்பாஸ்ட்டிலிருந்து போர்ட்ரஷ் சுமார் நூறு கிலோமீட்டர். ரயிலும் உண்டு. கார் ஓட்டினாலும் பயமில்லை. நம்மைப் போலவே இடப்பக்கம்தான்.

எப்போது போவது? மே, ஜூன் மாதங்கள் உத்தமம். ஜூனில் இரவு பத்து மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும். வெயில் என்று நினைத்துவிடாதீர்கள்! பகலிலேயே பதினைந்து, பதினாறு டிகிரிதான். குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்தக் காற்றில் குடை பிடிக்கிறவர் குடையோடு ஸ்காட்லாந்து போய்ச் சேரலாம். நல்ல மழைச் சட்டை, கம்பளிக் குல்லாய், இரண்டு ஜோடி பூட்ஸ் அவசியம். அவற்றில் ஒரு ஜோடியையும் மழைச் சட்டையையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மட்டைப் பை விமானத்தில் வழி தவறினாலும் மட்டை வாடகைக்குக் கிடைக்கும். காலுக்குப் பழகின பூட்ஸ் கிடைக்காது.

மைதானத்தில் இடம் பிடிப்பதுதான் முதல் வேலை. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். போர்ட்ரஷ் மன்றம் 1888-ல் ஏற்பட்டது. வெளியாருக்கு வாரத்தில் சில நாட்கள், சில நேரங்கள்தான் தருவார்கள். ஒரு வருஷம் முன்னாலேயே கேட்டு வைப்பது நல்லது. ஒருவர் ஓர் ஆட்டம் ஆட முந்நூறு பவுனுக்கு மேல் ஆகும். தலை சுற்றுகிறதா? ஒன்பது மைதானங்களுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சிவப்பு பென்சிலின் அருமை விளங்கும்! ஹாண்டிகாப் சான்றிதழை ஊட்டியிலேயே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்காக வண்டி வேண்டுமென்றால், வைத்தியர் கடிதத்தோடு இப்போதே எழுதிக் கேளுங்கள். அந்தப் பக்கத்து மைதானங்களில் நடைதான் வழக்கம், வண்டி அபூர்வம். ஒரு 'கேடி'யையும் ஏற்பாடு செய்யுங்கள். கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வரவேண்டாம். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு வழி சொல்கிறவருக்கு அதுதான் பெயர். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இனி ஆட்டத்தைப் பற்றி. ஊட்டி மைதானம் கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து தாராளமாகப் பறக்கும். போர்ட்ரஷ்ஷோ கடலோரம், குளிர்ந்த கனத்த காற்று. அதே அடிக்குப் பந்து அவ்வளவு தூரம் போகாது. "அப்பாவுக்குப் பலம் குறைந்துவிட்டது" என்று அவரே நினைத்துக்கொள்ளக் கூடும். நீங்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பலம் குறையவில்லை, காற்றுதான் கனம்! பந்தை ஆகாயத்தில் தூக்கி அடிப்பதைவிடத் தாழ அடித்து உருட்டி விடுவதே அங்கே புத்திசாலித்தனம். மணல் மேட்டுத் தரை, மரம் கிடையாது, மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது. ஓரமெல்லாம் மஞ்சள் பூப் பூத்த முட்செடி. அதைப் பார்த்ததும் உங்கள் தகப்பனார் சிரிப்பார். வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து நீலகிரியில் நட்டுவிட்டுப் போன அதே செடிதான் அது!

இப்போது ஏழு நாள் திட்டம். முதல் நாள் வந்து சேருவது, கடற்கரையில் உலாவுவது, தூங்குவது. இரண்டாம் நாளும் அப்படியே. தூக்கம் ஊர் நேரத்துக்குப் பழகட்டும். மூன்றாம் நாள் போர்ட்ரஷ் மன்றத்தின் சின்ன மைதானமான 'வேலி'. பெயருக்குத் தகுந்தபடி பள்ளத்தில் இருக்கிறது, காற்றும் கொஞ்சம் தணிவு, கட்டணமும் குறைவு. உங்கள் பட்டியலில் இல்லாத இதை நான் சேர்க்கிறேன். கால் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. நான்காம் நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் பெரிய மைதானமான 'டன்லூஸ்'. ஆறாம் நாள் எதுவும் வைக்காதீர்கள். ஏழாம் நாள், முழங்கால் சம்மதித்தால் போர்ட்ஸ்டூவர்ட். சம்மதிக்காவிட்டால் மணலில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் கடல். அங்கிருந்து பார்த்தால் பான் நதிக்கு அக்கரையில் காசில்ராக் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். "பக்கத்தில்தானே இருக்கிறது, அதையும்..." என்று சபலம் தட்டும். நதி முகத்தில் பாலம் கிடையாது. கோல்ரேன் வரை போய்ச் சுற்றி வரவேண்டும். பென்சிலை நினைத்துக்கொள்ளுங்கள்!

ஓய்வு நாளில் 'ஜயண்ட்ஸ் காஸ்வே' பார்க்கலாம். அறுபது மில்லியன் வருஷங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறி வெடித்ததில் உண்டான சுமார் நாற்பதாயிரம் கற்றூண்கள், கொத்தன் செதுக்கி அடுக்கியதுபோலக் கடலுக்குள் இறங்குகின்றன. மேலேயிருந்து கீழே பஸ் உண்டு, முழங்காலுக்குக் கஷ்டமில்லை. கயிற்றுப் பாலத்துக்கு மட்டும் போகவேண்டாம்; நடையும் படியும் அதிகம். வழியில் பாறை நுனியில் இடிந்து நிற்கும் டன்லூஸ் கோட்டைதான் மைதானத்துக்குப் பெயர் கொடுத்தது. இந்த ஆன்ட்ரிம் மாவட்டம் நமக்கு அந்நியமும் அல்ல. தமிழ் முதலான மொழிகளுக்கு 1856-ல் ஒப்பிலக்கணம் எழுதி, நெல்லைச் சீமை இடையன்குடியில் அடங்கியிருக்கும் கால்டுவெல் பாதிரியார் 1814-ல் பிறந்தது இந்த மாவட்டத்தில்தான்.

கடைசியாக, பெரியப்பா கேட்ட அந்தக் குழி. 2019 பந்தயத்துக்காக இரண்டு புதுக் குழிகள் சேர்த்ததில் அது இப்போது பதினாறாவது ஆகிவிட்டது. பெயர் 'கலாமிட்டி', நம் பாஷையில் 'விபரீதம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 236 கெஜம். வலப்பக்கம் முழுக்க ஆழமான பள்ளம். மூன்றே அடியில் முடிக்கவேண்டும். 1951-ல் இங்கே முதன்முதலாக ஓபன் நடந்தபோது, பாபி லாக் என்ற தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் நான்கு சுற்றிலும் கொடியைப் பார்த்து அடிக்கவே இல்லை. இடப்பக்கம் இருந்த ஒரு சின்னக் குழிவிலே பந்தைப் போட்டார். அங்கிருந்து கொடியருகே தள்ளினார். நான்கு சுற்றிலும் மூன்றே அடியில் முடித்தார். அந்தக் குழிவுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

நண்பரே, உங்கள் தகப்பனாரையும் இடப்பக்கம் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் பட்டியலை அப்படியே ஆடுங்கள்.

இன்னும் ஒன்று. அவர் அந்தக் குழிக்கு வரும்போது நீங்கள் உங்கள் பந்தைத் தேடிக்கொண்டு எங்கோ புல்லுக்குள் நிற்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். பந்து எங்கே போய் விழுந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வெகு நாளாக ஆசை.