வைத்தியருக்கும் வைத்தியம்

நமது திருவண்ணாமலையில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது 2013-ஆம் வருஷம். அதுமுதல், நன்றாகப் படிக்கும் பிள்ளையிடம் அந்தக் கட்டடத்தைச் சுட்டிக் காட்டாத தகப்பனார் இவ்வூரில் அபூர்வம். இடம் கிடைத்துவிட்டால் தெரு முழுவதும் கற்கண்டுதான். ஆனால் சேர்ந்த ஆறு மாதத்தில் அதே பிள்ளை உறக்கமும் உணவும் குன்றி, விரித்த புத்தகத்தில் ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தால், அச்செய்தி அடுத்த வீட்டுக்கும் எட்டாது.

இது ஏதோ ஒரு வீட்டின் கதையன்று. தேசிய மருத்துவ ஆணையம் நியமித்த ஒரு குழு, மருத்துவ மாணாக்கரின் மனநலம் பற்றி விசாரித்து 2024-இல் அறிக்கை அளித்தது. அதற்குப் பதில் சொன்ன இளநிலை மாணாக்கர் 25,590 பேர். அவர்களுள் 27.8 சதவிகிதத்தினர் தங்களுக்கு மனநோய் உண்டென்று தாங்களே தெரிவித்தார்கள். நால்வர் அமரும் பெஞ்சியில் ஒருவருக்கு மேல் என்று பொருள்!

காரணம் விளங்காததன்று. பள்ளியில் முதல்வனாக இருந்தவன், முதல்வர்களே நிறைந்த வகுப்பில் கடைசி வரிசைக்குப் போகிறான். தமிழில் பயின்றவன் ஒரே இரவில் ஆங்கிலப் பெரும் புத்தகங்களைச் சுமக்கிறான். பட்டம் பெற்று மேற்படிப்புக்குப் போனாலோ, இரவு பகலாக ஆஸ்பத்திரி வேலை. அவர்களுக்கு வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேலை கூடாது, ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று அக்குழுவே யோசனை சொல்ல நேர்ந்ததென்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

"டாக்டருக்குப் படிப்பவனுக்கே மனோவியாதியா?" என்று கேட்பவர் உண்டு. கண் வைத்தியர் மூக்குக்கண்ணாடி அணிந்தால் நாம் நகைக்கிறோமா? மனநோயாளரை உடல்நோயாளருக்குச் சமமாகவே நடத்தவேண்டும் என்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைக்கும்படி கேட்கும் உரிமையையும் அது தருகிறது. சட்டம் அறிந்த இவ்வுண்மையை நம் வீட்டுத் திண்ணை இன்னும் அறியவில்லை.

"ஒரு வருஷம் வீணாகிவிடுமே!" என்பது பெற்றோரின் அடுத்த கவலை. ஐந்தரை வருஷத்துப் படிப்புக்கு, சேர்ந்த நாள் முதல் ஒன்பது வருஷம் வரை தொடர ஆணையத்தின் 2023-ஆம் வருஷத்து விதிகள் இடமளிக்கின்றன. எல்லோரும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்று விதி வகுத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நம் ஊர்க் கிரிவலப் பாதை ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். கால் நொந்தவர் வழியில் ஒரு லிங்க சந்நிதியில் அமர்ந்து, இளைப்பாறி, பிறகு நடக்கிறார். அவர் வலம் வரவில்லையென்று யாரேனும் சொல்வதுண்டா?

ஆகவே, பெற்றோர்களே, விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணை விசாரிக்குமுன் உறக்கத்தை விசாரியுங்கள். அவன் முகம் வாடியிருந்தால் ஜாதகத்தோடு நின்றுவிடாமல் மனநல வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். "உயிரோடிருந்து பயனில்லை" என்று ஒரு சொல் அவன் வாயில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கவேண்டாம். தனியே விடவும் வேண்டாம். 2022-இல் சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தன் மனத்தின் நோயை மறைக்காமல் சிகிச்சை பெற்றுத் தேறிய பிள்ளை, நாளை தன்னிடம் வரும் நோயாளியின் மௌனத்தையும் புரிந்துகொள்வான். அத்தகைய வைத்தியர்களே தேசத்துக்கு வேண்டும்.