ஈப்போவிலிருந்து வாரம் ஒரு மணி நேரம்

கலிபோர்னியாவில் ஆர்ட் லாபோ என்றொரு வானொலி அறிவிப்பாளர் இருந்தார். 2022 அக்டோபரில், 97 வயதில் காலமானார். அதற்குச் சில நாள் முன்புவரை நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு இரவுகளில் அவர் ஒலிபரப்பியவற்றில் பெரும்பகுதி பழைய ரிதம் அண்ட் புளூஸ், டூவாப் பாடல்கள். வாத்தியம் வாங்க வசதியில்லாத கறுப்பின இளைஞர்கள் தெருமுனைகளில் கூடி, ஒருவர் பாட மற்றவர்கள் வாயாலேயே தாளமும் சுருதியும் சேர்த்து வளர்த்த இசை டூவாப். 1954, 55இல் பெங்குவின்ஸ், பிளாட்டர்ஸ் குழுக்கள் அதை உலகெங்கும் கொண்டுபோயின.

லாபோவின் நேயர்கள் பாட்டுக்காக மட்டும் காத்திருக்கவில்லை. சிறையில் இருக்கும் கணவனுக்காக மனைவி ஒரு பாட்டுக் கேட்பார், அப்பாவுக்காகப் பிள்ளை கேட்கும். லாபோ பெயரைச் சொல்லிவிட்டு இசைத்தட்டைச் சுழல விடுவார். 1950களில் ஓர் உணவகத்து வாசலில் காரில் வந்த இளைஞர்களிடம் நேரடியாகப் பெயர் கேட்டுத் தொடங்கிய பழக்கம், அவர் இறக்கும்வரை நின்றதில்லை.

தமிழருக்கு இது புதிதல்ல. 1952இல் இந்திய ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தார். 1957இல் சினிமாப் பாட்டுக்கென்று விவித பாரதி வரும்வரை தமிழ்நாட்டுக் காதுகளெல்லாம் கடலைத் தாண்டி இலங்கை வானொலியில்தான் இருந்தன. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனன் நேயர்களின் பெயர்ப் பட்டியலை வாசிக்கும் வேகத்துக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. மலாயாவில் 1946இல் தொடங்கிய வானொலியும் அதே வழியில் வளர்ந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கால அவசரநிலையின்போது தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் அரசாங்கமே பொது வானொலிப் பெட்டிகளைக் கொடுத்தது. செய்தியும் பிரசாரமும் கேட்கட்டும் என்று கொடுத்த பெட்டி அது. லயத்து மக்கள் அதில் பாட்டையும் நாடகத்தையும் தேடினார்கள். பின்னாளில் நேயர் விருப்பத்தில் தோட்டத்தின் பெயர் ஒலித்தால், பால்வெட்டு முடிந்து வந்த குடும்பத்துக்கு அன்று முழுவதும் அதே பேச்சு.

ஈப்போவைத் தலைநகராகக் கொண்ட பேராக்கின் காது எப்போதுமே ஒரு மொழியோடு நின்றதில்லை. கோப்பெங்கில் பிறந்த கார்ட்டூனிஸ்ட் லாட், 'டவுன் பாய்' நூலில் ஈப்போவில் தன் பள்ளிப் பருவத்தை வரைந்திருக்கிறார். காப்பிக் கடைக்காரர் மகனான சீன நண்பன் பிராங்கியின் வீட்டில் மலாய்ச் சிறுவன் ராக் அண்ட் ரோல் கேட்கிறான். 1958இல் வந்த 'உத்தம புத்திரன்' படத்திலேயே ஜி. ராமநாதன் அந்த ராக் அண்ட் ரோல் துள்ளலைத் தமிழுக்குள் கொண்டுவந்துவிட்டார். 1961இல் கிளிப் ரிச்சர்ட் சிங்கப்பூருக்கு வந்துபோன பிறகு மலாய் இளைஞர்கள் 'பாப் யே யே' என்று கித்தார் எடுத்தார்கள். பக்கத்துப் பினாங்கிலிருந்து டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' புறப்பட்டது. 1970களில் ஹாங்காங் வரை போய்ப் பாடிய அந்தக் குழு, மலாய்ப் பாடல்களால் நாடறிந்த பெயர் பெற்றது. 2007இல் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தவரும் அழுதார்கள். இவை அனைத்தும் ஒரே தலைமுறையின் பாடல்கள். ஆனால் இன்று தமிழ்ப் பாட்டு ஓர் அலைவரிசையிலும், மலாய்ப் பாட்டு இன்னொன்றிலும், ஆங்கிலப் பாட்டு வேறொன்றிலும் பிரிந்து கிடக்கின்றன.

கேட்டவர்களும் பிரிந்துவிட்டார்கள். 1969க்குப் பின் வேலை பெர்மிட் கெடுபிடியால் குடியுரிமை பெறாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். தோட்டங்கள் துண்டாடப்படுவதைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களையே தோட்டத்துக்குப் பங்குதாரராக்கினார். அந்தச் சங்கம் காப்பாற்றியது போக, மற்ற இடங்களில் கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வந்தது. ஒரே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இன்று ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறியிருக்கிறார்கள்.

யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. ஆனால் பாடியவர் யார், இசை யார், எந்த ஆண்டு என்பதெல்லாம் அங்கே பாதி தப்பாக இருக்கிறது. தோட்டத்துப் பெயரைச் சொல்லி வாழ்த்த அங்கே ஆளில்லை. பல ஊர்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்பதற்கு வானொலியைப் போல எளிய வழியும் இல்லை.

தமிழ் ஒலிபரப்பான மின்னல் எப்.எம். கோலாலம்பூர் அங்காசாபுரியிலிருந்து வருகிறது. ஈப்போவிலேயே அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம். பேராக் எப்.எம். நடத்துகிறது. இரண்டும் கைகோத்து, ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தை ஈப்போ நிலையத்திலிருந்து தரலாம். ஜி. ராமநாதனுக்கு அடுத்து பிளாட்டர்ஸ், அதற்கடுத்து அலிகேட்ஸ்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாடியவர், இசை, ஆண்டு. நடுநடுவே நேயர்களின் பெயரும் அவர்கள் பிறந்த தோட்டத்தின் பெயரும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. விஷயம் தெரிந்த ஓர் அறிவிப்பாளரும், குரல் பதிவு அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண்ணும் போதும். 'உத்தம புத்திரன்' வந்தபோது பதினைந்து வயதாயிருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.