எடை அட்டையும் தண்ணீர் கேனும்

சென்ற தை மாதம் திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நின்று விருந்தினரை வரவேற்ற இளம் பெண்ணொருத்தியை, உள்ளே நுழைந்த உறவினர் ஒவ்வொருவரும் என்ன சொல்லி விசாரித்தார்கள் என்பதைப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். "என்னடி, ஒரு சுத்துப் பருத்துட்டே?" என்றார் ஒரு பெரியம்மா. "கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருந்தா வேற எப்படி இருக்கும்?" என்று அதற்குப் பதிலையும் கூட வந்தவரே சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை பார்க்கிற நேரத்துல உடம்பைக் கொஞ்சம் குறைக்கணும்மா" என்று புத்திமதி கூறிச் சென்றார் ஒரு மாமா. அவள் இரவில் நன்றாக உறங்குகிறாளா, வேலைக்குப் போகும் அவசரத்தில் காலையில் ஏதேனும் சாப்பிடுகிறாளா என்று கேட்டவர் ஒருவருமில்லை. பந்தியில் அவள் இலையில் விழுந்த ஜாங்கிரி விண்டுகூடப் பார்க்கப்படாமல் கிடந்தது. சோற்றிலும் பாதியை அப்படியே விட்டு இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

கேட்டவர்கள் எல்லோரும் அவளிடம் பிரியம் உள்ளவர்கள்தாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே பெண் மெலிந்திருந்தால் "துரும்பா இளைச்சிட்டியே" என்று அதே பிரியத்தோடு கவலைப்பட்டிருப்பார்கள். ஆனால் ஒரு பெண்ணின் சரீரத்தைக் கண்டவுடன் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை தமக்கு இயல்பாகவே உண்டென்று ஊரார் அனைவரும் கருதிக்கொண்டிருக்கும் வரையில், அந்தப் பெண் தன் தேகத்தைப் பிறர் கண்களால் மட்டுமே பார்க்கப் பழகுவாளேயன்றி, அதற்குள் வாழ்பவள் தானே என்ற உணர்வை ஒருநாளும் அடையமாட்டாள் என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

முற்காலத்தில் ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழல நின்ற எடை இயந்திரத்தை வாசகர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். காசைப் போட்டதும் விழும் சிறு அட்டையின் ஒரு பக்கத்தில் எடையும் மறு பக்கத்தில் அதிர்ஷ்ட வாக்கியமும் அச்சாகியிருக்கும். அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எடையையும் விதியையும் ஒன்றாய்ச் சேர்த்து வாசிக்கும் வழக்கம் மட்டும், பெண்கள் விஷயத்தில், நம்மிடையே நிலைத்துவிட்டது.

எடை பொருட்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 சதவீதமாக இருந்தது. நம் நாட்டவருக்கு வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சர்க்கரை நோய்க்கு வழிவகுப்பதாகையால், பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது மெய்யே. ஆயினும் அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று இன்னொரு செய்தியும் இருக்கிறது. பார்வைக்குப் பருத்த தேகத்தில் இரத்தம் குறைந்திருக்கலாம். மெலிந்த தேகத்தில் வலிமையே இல்லாதிருக்கலாம். இவை இரண்டையும் கண்ணாடி காட்டித் தராது.

எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெண்மணிக்கு வயது 42. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் பிரிவில் மேற்பார்வை செய்கிறார். 30 நாளில் 10 கிலோ குறைத்துத் தருவதாக விளம்பரம் செய்த ஒரு ஜிம்மில் பணத்தைக் கட்டி, அவர்கள் கொடுத்த மாவைக் கரைத்துக் குடித்து, காலை ஆகாரத்தை டீயோடு முடித்துக்கொண்டு வந்தவர், மூன்றாவது வாரத்தில் வேலை செய்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.6 கிராம், குறைந்தது 12 இருந்திருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா சொன்ன பிறகுதான், தாம் இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

'அந்தக் காலத்துப் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுக்கல்லில் ஆட்டினார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள். மிக்ஸி வந்தது, பெண்கள் பெருத்தார்கள்' என்ற பேச்சை நான் கேட்காத மேடையில்லை. ஏர் பிடிப்பதை விட்டதனால் ஆண்கள் தொந்தி வளர்த்தார்கள் என்று யாரும் எந்த மேடையிலும் வருந்தக் காணோம். அம்மியின் முன் குனிந்தே நாற்பது வயதில் முதுகு கூனிய தாய்மார்களை நான் அறிவேன். அவர்கள் அரைத்தது அடுப்படிக்காக. ஆரோக்கியத்திற்கு அதுவே போதுமானதாக இருந்திருந்தால், சித்தாள் வேலை செய்யும் பெண்தான் நாட்டிலேயே மிக நீண்ட ஆயுளோடு வாழ வேண்டும். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பில் உடம்பு பிறருக்காகச் செலவாகிறது. பயிற்சியில் அது தனக்காகச் சேமிக்கிறது.

காலை எட்டு மணிக்குப் பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கித் தொழிற்பேட்டையை நோக்கி விரைந்து நடக்கும் பெண்களைப் பாருங்கள். கையில் சாப்பாட்டுப் பை, முகத்தில் நேரமாகிவிட்டதே என்ற பதற்றம். அவர்கள் நடக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த நடை அவர்களை இளைப்பாற்றுவதில்லை. கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், ஒரு பெண்ணின் கால் வலிக்கும் என்ற சாதாரண உண்மையை ஏற்பதற்கே நமக்கு எத்தனை காலம் பிடித்திருக்கிறது!

மேற்சொன்ன பெண்மணி பிறகு செய்தது ஆடம்பரமான காரியம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் ஏரிக்கரையில் நடை; இரண்டு நாள் மொட்டைமாடியில், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவதும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையும் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம், இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்றே கூறுகிறது. மாதவிடாய் நின்ற பின் எலும்பு விரைவாகத் தேயுமாதலால் அந்த இரண்டாவது பகுதி பெண்களுக்கு மிக அவசியம். நம்மவர்கள் அதைத்தான் ஆண்களின் காரியம் என்று ஒதுக்குகிறார்கள். எட்டு மாதத்தில் அவர் எடை நாலு கிலோதான் குறைந்தது. ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது. சென்ற வாரம் கேன் போடும் பையன் கதவருகில் வைத்துவிட்டுப் போன 20 லிட்டர் தண்ணீர் கேனை, முன்னெல்லாம் மகன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருந்தவர், முழங்காலை மடக்கி, கேனை மார்போடு அணைத்து எழுந்து, தாமே ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்தார். குபுகுபுவென்று நீர் இறங்கும் ஓசையைக் கேட்டபடி அவர் நின்ற நிலையில் இருந்த சந்தோஷத்தை எந்த எடை அட்டையிலும் அச்சிட முடியாது.

ஊர் வாயை அடக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கறுப்பாகப் பிறந்த பெண்ணைக் குறைவாகப் பேசும் வழக்கத்தை எதிர்த்து 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் நம் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. பல ஆண்டுக் காலம் பல திசைகளிலிருந்தும் எழுந்த கண்டனத்திற்குப் பின், 2020-இல், நாடறிந்த முகப்பூச்சு ஒன்றின் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்னும் சொல் நீக்கப்பட்டது. பேச்சு மாறத்தான் செய்கிறது.

பேச்சு மாறினால் மட்டும் போதாது, நடக்க நல்ல இடமும் வேண்டும். ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019 முதல் பசுமைப் பூங்கா இருக்கிறது. அம்பத்தூர் ஏரிக்கரையிலும் விடியலில் பெண்கள் நடக்கிறார்கள். இத்தகைய இடங்களில் விளக்கு எரிவதையும், பெண்களுக்கான கழிப்பறை திறந்திருப்பதையும், குப்பை சேராதிருப்பதையும் ஆவடி, சென்னை மாநகராட்சிகள் தினந்தோறும் கவனிக்க வேண்டும். வீட்டிலுள்ள ஆண்களுக்கு என் வேண்டுகோள் இதைவிடச் சிறியது. ஐந்தரை மணிக்கு வாசலில் வந்து விழும் பால் பாக்கெட்டை நீங்கள் எடுங்கள்; பாலை நீங்களே காய்ச்சுங்கள்; அந்த அரை மணி நேரம் அவள் வெளியே போய் நடந்துவிட்டு வரட்டும். திரும்பி வந்ததும் எத்தனை கிலோ குறைந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.