சொந்த அலுவலா?

விடுமுறைப் படிவத்திலே "காரணம்" என்ற இடத்தில், "மனைவியின் கீமோதெரபி சிகிச்சை" என்று எழுதினேன். அதைப் பார்த்த அதிபர், "சொந்த அலுவலெண்டு எழுதுங்கோ மாஸ்டர், அது போதும்" என்றார். நல்ல மனிதர், அனுதாபத்தோடுதான் சொன்னார். ஆயினும் அவ்விரண்டு சொற்களோடுதான் எனக்கு வழக்கு.

எது சொந்த அலுவல்? 21 நாளுக்கு ஒருமுறை, டொக்சோருபிசின் என்னும் செந்நிற மருந்து நாளத்தினூடே இறங்குகையில், ஊசி ஏறிய இடம் எரிகிறதா, வீங்குகிறதா என்று பார்த்துத் தாதிக்குச் சொல்வது. வீடு திரும்பியபின் வாந்திக்குப் பாத்திரம் ஏந்துவது. 7ஆம் நாள் தொடக்கம் 14ஆம் நாள்வரை வெண்குருதிக் கலங்கள் பெரிதும் குறைந்திருக்கும் வேளையில், நள்ளிரவிலும் வெப்பமானியைப் பார்ப்பது. காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினால், விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டோடுவது. இது சிகிச்சைக்குப் புறம்பான பாசமன்று, சிகிச்சையின் மறுபாதி.

1951ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளிலே கட்டணம் நீக்கப்பட்டபோது, நோய் தனியொருவரின் தலைவிதியன்று, சமுதாயத்தின் பொறுப்பு என்னுங் கொள்கையை இந்நாடு ஏற்றுக்கொண்டது. அக்கொள்கை நோயாளியின் கட்டிலோடு நின்றுவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு நேர்ந்தபோது, அது கட்டில்வரைகூட எட்டவில்லை. அன்று மருந்து தேடித் தனியார் மருந்தகங்களுக்கு அலைந்தவர்களும் குடும்பத்தவரே.

"புண்ணியவான், மனைவியைக் கண்போலப் பார்க்கிறார்" என்று அயலவர் என்னைப் புகழ்கின்றனர். அப்புகழை நான் ஏற்கேன். கணவனுக்கு மருந்தேறும் மணித்தியாலமெல்லாம் அவன் கால்மாட்டிலே நிற்கும் பெண்ணை எவரும் புகழ்வதில்லை. ஆண் செய்தால் தியாகம். பெண் செய்தால் கடமை! நாட்கூலி செய்பவன் மனைவியை வாட்டிலே தனியே விட்டு வேலைக்கு ஓடினால், "ஈவிரக்கமற்றவன்" என்கிறோம். அவனிடம் இல்லாதது இரக்கமன்று. ஒருநாட் கூலியை இழக்கும் வசதி. அவனைவிட எனக்கு அன்பு அதிகமில்லை. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, அவ்வளவே.

"அன்புக்குங் கூலியா?" என்று பண்பாட்டுக் காவலர் சீறக்கூடும். ஐயா, அன்புக்கு எவருங் கூலி கேட்கவில்லை. அன்பு செய்வதற்கு வேண்டிய நேரத்தையே கேட்கிறோம். பராமரிப்பவர்க்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை வேண்டும். நாட்கூலியாளர் இழக்கும் கூலிக்கு ஈடு வேண்டும். மருந்தேற்றும் இடத்தில், நோயாளியின் அருகே ஒரு கதிரையாவது வேண்டும். இவை சலுகைகளல்ல, 1951இல் ஏற்ற கொள்கையை முழுமையாக்கும் உரிமைகள்.

அன்று மாலை இதை மனைவியிடஞ் சொன்னேன். முடி கொட்டிய தலையைத் துணியால் மூடிக்கொண்டு, "நான் உங்கட சொந்த அலுவலோ?" என்று கேட்டுச் சிரித்தாள்.

படிவத்தில் நான் எழுதியதை வெட்டவில்லை. அடுத்த 21ஆம் நாளும் அதையே எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள்.